தொங்கும் துளி: நரம்பிழைகள் வழி காண்பது பற்றிய ஆய்வுமுறைகள் குறித்துச் சில குறிப்புகள்

நெட்ரின் என்று ஒரு புரதம். 1994இல் இந்தப் பெயரைச் சூட்டியவர்கள் சான்ஃப்ரான்சிஸ்கோவில் இருந்த ஆய்வாளர்கள். எடுத்துக்கொண்ட சொல்லோ சமஸ்கிருதம். இட்டுச்செல்பவர், வழிநடத்துபவர் என்று பொருள். நேதாஜி என்கிறோமே, அந்த நேதாதான். கண்ணை நேத்திரம் என்று சொல்வதும் இதே வேரிலிருந்துதான். ஆளை இட்டுச்செல்வது கண் என்பதால். கருவின் தண்டுவடத்தில் முளைக்கிற நரம்பிழைகளை நடுக்கோடு நோக்கிக் கூட்டிக்கொண்டு போகிற புரதம் என்று கண்டதால் இந்தப் பெயரை வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். ஆனால் 2017இல், அந்த நேதா எங்கே நின்றுகொண்டு அழைப்பதாகச் சொல்லப்பட்டதோ, சரியாக அந்த இடத்திலிருந்து மட்டும் அதை அகற்றிவிட்டுப் பார்த்தார்கள். இழைகள் அதுபாட்டுக்குப் போய் நடுக்கோட்டைச் சேர்ந்தன.

இதை ஒரு புரதத்தின் மானம் போன கதையாக நான் வாசிக்கவில்லை. என் ஆர்வம் வேறு. வளர்கிற நரம்பிழை எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டிருக்கும் பதில்களில் எவ்வளவு நரம்பிழையுடையது, எவ்வளவு அதை வைத்துப் பார்த்த பாத்திரத்துடையது? தமிழ் படித்த ஆளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பதிலைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதலில் சிக்கலின் அளவைப் பார்க்க வேண்டும். மனிதக் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் இழைகள் சுமார் பத்து லட்சம். ஒவ்வொன்றும் கருவில் ஒரு செல்லிலிருந்து முளைத்து, கூட்டத்துக்கிடையே புகுந்து, சில இடங்களில் நடுக்கோட்டைக் கடந்து, சில இடங்களில் கடக்காமல் திரும்பி, தனக்கான இடத்தில் போய் நிற்கிறது. பக்கத்துச் செல்லின் இழை பக்கத்து இடத்தில் நிற்கிறது. இது பிசகினால் பார்வை என்று ஒன்று இருக்காது.

ஸ்பெயின்காரர் சாந்தியாகோ ராமோன் இ கஹால் 1890இல் கோழிக் கருவின் தண்டுவடத்தில் இழைகளின் நுனியைக் கண்டார். கமில்லோ கொல்ஜி 1873இல் வெளியிட்ட வெள்ளிச் சாய முறையைத்தான் அவரும் பயன்படுத்தினார். அந்த முறையின் விசித்திரம், ஆயிரக்கணக்கான செல்களில் ஏதோ சிலவற்றை மட்டும் முழுசாகக் கறுப்பாக்கும், மற்றவற்றைத் தொடாது. அதனால்தான் காட்டில் ஒற்றை மரம் தனியே தெரிந்தது. இழையின் நுனியில் ஒரு வீக்கம், கூம்பு வடிவம், அதில் மெல்லிய விரல்கள் மாதிரி நீட்சிகள். கஹால் அதற்கு வளர்கூம்பு என்று பெயரிட்டார். பின்னாளில் தன் சுயசரிதையில் அதை உயிருள்ள, வளைந்துகொடுக்கிற இடிமரம் போல வர்ணிக்கிறார். 1892 வாக்கில் இன்னொன்றும் சொன்னார்: இலக்கிலிருந்து ஏதோ ரசாயனம் கசிகிறது, அதை மோப்பம் பிடித்து நுனி போகிறது. காயத்தை நோக்கி வெள்ளணுக்கள் நகர்வதிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனை.

இங்கே கவனிக்க வேண்டியது, கஹால் பார்த்ததெல்லாம் செத்த செல்கள். மருந்தில் ஊறி, சாயம் ஏறி, சீவி, தகட்டில் ஒட்டிக்கிடந்தவை. நகர்வு என்பது அவர் வாசித்துச் சேர்த்தது. வெவ்வேறு வயதுக் கருக்களை வரிசையாக வைத்து, நடுவிலுள்ள இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்பினார். கற்பனை சரியாக இருந்தது என்பது வேறு விஷயம். அதே தகடுகளைப் பார்த்த மற்றவர்கள் வேறு மாதிரி வாசித்தார்கள். ஜெர்மனியின் விக்டர் ஹென்சன், செல்களுக்கிடையே ஆரம்பத்திலிருந்தே நூல்பாலங்கள் இருக்கின்றன, நரம்பு அந்தப் பாலத்தின் மேல்தான் உருவாகிறது என்றார். இன்னொரு கட்சி, நரம்பைச் சுற்றியிருக்கும் உறைச் செல்கள் சங்கிலியாக இணைந்து நரம்பை உண்டாக்குகின்றன என்றது. 1906இல் நோபல் பரிசை கொல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். மேடையில் நின்றுகொண்டே கொல்ஜி, கஹாலின் கொள்கைக்கு எதிராகப் பேசினார். ஒரே சாயம், ஒரே நுண்ணோக்கி, இரண்டு வாசிப்பு. அசையாத பிரதியை வைத்துக்கொண்டு இந்தச் சண்டையைத் தீர்க்க முடியாது.

தீர்த்தவர் ராஸ் கிரான்வில் ஹாரிசன். 1907, பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். அவர் செய்ததை விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். சாமான்கள் அவ்வளவு சாதாரணமானவை. மூன்று மில்லிமீட்டர் நீளமுள்ள தவளைக் கரு. நரம்புக்குழல் அப்போதுதான் மூடியிருக்கும். இழை என்று ஒன்றுகூட இன்னும் முளைத்திருக்காது. அதிலிருந்து ஒரு துணுக்கு வெட்டியெடுக்கிறார். வளர்ந்த தவளையின் நிணநீரில் ஒரு சொட்டு, மெல்லிய கண்ணாடித் தகட்டின் மேல். அந்தச் சொட்டுக்குள் துணுக்கு. நிணநீர் உறைந்து துணுக்கைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தகட்டைத் தலைகீழாகத் திருப்பி, குழிவான இன்னொரு கண்ணாடியின் மேல் கவிழ்த்து, ஓரத்தை மெழுகால் அடைத்துவிடுகிறார். துளி தொங்குகிறது. அவ்வளவுதான். பாக்டீரியா பார்க்கிறவர்கள் ஏற்கெனவே கைக்கொண்டிருந்த உத்தி அது. அதை நரம்புக்குக் கொண்டுவந்தார்.

ஒரு வாரமும் அதற்கு மேலும் துணுக்குகள் உயிரோடிருந்தன. அவற்றிலிருந்து இழைகள் முளைத்தன. நுனியில் கஹால் சொன்ன அதே கூம்பு. ஆனால் இப்போது அது அசைந்தது. அமீபா மாதிரி விரல் நீட்டியது, இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது. ஓர் இழை 25 நிமிஷத்தில் கிட்டத்தட்ட 20 மைக்ரான் நீண்டதை ஹாரிசன் பார்த்தார். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. துளிக்குள் ஹென்சனின் பாலங்கள் கிடையாது. வெறும் உறைந்த நிணநீர்தான். எனவே பாலம் இல்லாமலும் நரம்பு வளரும். உயிருள்ள நரம்பிழை வளர்வதை மனிதக் கண் நேரடியாகப் பார்த்த முதல் தருணம் அது. உடலுக்கு வெளியே திசுவை வளர்க்கிற முறை முழுவதற்குமே இதுதான் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1917இல் நோபல் குழு அவர் பெயரைப் பரிந்துரைத்தது. அந்த வருஷம் மருத்துவப் பரிசையே யாருக்கும் கொடுக்கவில்லை.

ஆனால் துளி என்ன நிரூபித்தது? நரம்பிழையால் பாலம் இல்லாமல் வளர 'முடியும்' என்பதை. கருவுக்குள் அப்படித்தான் வளர்கிறது என்பதை அல்ல. எதிர்க்கட்சியில் ஹான்ஸ் ஹெல்ட் இதைப் பிடித்துக்கொண்டார்: கருவுக்குள் பாலங்கள் இருக்கின்றன, உன் துளியில் இல்லாததால் ஒன்றும் குடிமுழுகவில்லை. பிடிவாதம்தான், ஆனால் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஹாரிசனுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் 1907க்கு முன்பே உடலுக்குள்ளும் கைவைத்திருந்தார்: உறைச் செல்கள் உருவாகும் பகுதியைக் கருவிலிருந்து வெட்டிவிட்டு, உறையில்லாத வெற்று நரம்புகள் வளர்வதைக் காட்டியிருந்தார். துளி ஒரு சாட்சி, உடல் இன்னொரு சாட்சி. இரண்டையும் கூண்டில் ஏற்றி விசாரித்தவர் அவர். அவருக்குப் பின்னால் வந்தவர்களில் எல்லோரும் இவ்வளவு பொறுமைசாலிகளில்லை.

அவர் கண்ட இன்னொன்று அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. வெறும் திரவத்தில் இழை வளராது. உறைந்த நிணநீரின் நுண்ணிய நார்கள் மாதிரி ஏதாவது பிடிமானம் வேண்டும். 1914இல் சிலந்தி வலையின் நூல்களைத் துளிக்குள் கட்டிப் பார்த்தார். கருவின் செல்கள் அந்த நூலைப் பற்றிக்கொண்டு, அதன் திசையிலேயே நீண்டு நகர்ந்தன. ஆய்வகத்தில் சிலந்தி வலை என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆக ஆரம்பத்திலேயே இரண்டு பதில்களும் கையில் இருந்தன: தூரத்திலிருந்து வரும் மணம் என்று கஹால், காலுக்கடியில் இருக்கும் தரை என்று ஹாரிசனின் சிலந்தி நூல். அடுத்த நூறு வருஷம் இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடியதுதான் வரலாறு.

இப்போது என் வேலை என்ன என்று சொல்லிவிடலாம். 1929இல் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் தன் கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்குக் கவிதைகளை ஆசிரியர் பெயர், காலம், தலைப்பு எதுவும் இல்லாமல் கொடுத்து விமர்சனம் எழுதச் சொன்ன சோதனையைப் புத்தகமாக்கினார். அதன் பேரன் பேத்திகளிடம் படித்தவர்கள் நாம். சங்கப் பாட்டின் அடியிலிருக்கும் கூற்றுக் குறிப்பு, தொகுத்தவர்கள் பிற்பாடு சேர்த்ததுதானே என்று அதைக் கைவைத்து மூடிவிட்டுப் பாட்டை மட்டும் படிக்க நானும் பழகினேன், பிறரையும் பழக்கினேன். பிரதி போதும் என்று எழுதியும் இருக்கிறேன். மூடிப் படித்தபோது கிடைத்தவை பொய்யில்லை. சொற்களால் எதையெல்லாம் செய்ய முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் தோழி சொன்னதா தலைவி சொன்னதா என்று தெரிந்த பிறகு அதே சொற்கள் செய்தது வேறாக இருந்தது. துணுக்கை வெட்டித் துளியில் போடுவதன் லாபமும் நஷ்டமும் எனக்கு அன்னியமான விஷயமல்ல. இதற்கு மேல் இந்த ஒப்புமையை இழுத்தால் அறுந்துவிடும்.

துளியிலிருந்து தரைக் கட்சி முதலில் வளர்ந்தது. வியன்னாவில் பயின்று சிகாகோ வந்த பால் வைஸ், 1934இல் ரத்த பிளாஸ்மா உறைவை இழுத்துப் பிடித்து அதில் நரம்புத் துணுக்கு வைத்தார். இழுத்த திசையில் நார்கள் வரிசைப்பட்டன, நரம்பிழைகளும் அந்தத் திசையிலேயே போயின. மணமும் கிடையாது, மோப்பமும் கிடையாது, இழை தடம் பார்த்துப் போகிற வண்டி, அவ்வளவே என்றார். இழை எங்கே போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை, சேர்ந்த பிறகு வேலை அதைத் தக்கபடி மாற்றிக்கொள்ளும் என்பது அவர் கொள்கையின் மறுபாதி. அந்தக் காலத்து அமெரிக்காவுக்கு இது உவப்பாக இருந்ததில் ஆச்சரியமில்லை. பழக்கினால் எதுவும் எதுவாகவும் ஆகும் என்று நம்பிய உளவியல் அங்கே கோலோச்சிய நேரம்.

இந்தக் கொள்கையைக் கவிழ்த்தது அவருடைய மாணவரே. ரோஜர் ஸ்பெர்ரி கண்ணாடிப் பாத்திரம் பக்கமே போகவில்லை. 1943இல் ஒரு நியூட்டின் (பல்லி சாயலில் நீரில் வாழும் பிராணி) பார்வை நரம்பை வெட்டி, கண்ணை 180 பாகை திருப்பி வைத்தார். நரம்பு மறுபடி வளர்ந்தது, பார்வை வந்தது, ஆனால் தலைகீழாக வந்தது. மேலே இரையைக் காட்டினால் கீழே பாயும். எத்தனை நாளானாலும் திருத்திக்கொள்ளவில்லை. அதாவது ஒவ்வோர் இழையும் தன் பழைய இடத்துக்கே போயிருக்கிறது. சேர்ந்த பிறகு பழகிக்கொள்வது என்ற பேச்சே இல்லை. 1963இல் பொன்மீனின் விழித்திரையில் பாதியை அழித்துவிட்டுப் பார்த்தபோது, மிச்ச இழைகள் காலியாகக் கிடந்த பகுதிகளைத் தாண்டிப் போய்த் தங்கள் இடத்திலேயே நின்றன. ரசாயன அடையாளங்கள் இருந்தாக வேண்டும் என்றார் ஸ்பெர்ரி. எந்த ரசாயனம் என்று அவரால் காட்ட முடியவில்லை. உடல், விடை சரியா தப்பா என்று மட்டும் சொல்லும். விடை எப்படி வந்தது என்று சொல்லாது.

கஹாலின் மணத்தைக் கண்ணாடிக்குள் முதலில் பிடித்தவர் ரீத்தா லேவி-மொந்தால்சினி. 1909இல் டூரினில் பிறந்த யூதப் பெண். 1938இல் முசோலினியின் இனச் சட்டங்கள் அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றின. படுக்கையறையில் ஆய்வகம் அமைத்தார். தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கி, கோழிமுட்டையைத் திறந்து கருவில் அறுவை செய்தார். குண்டுவீச்சுக்குப் பயந்து குடும்பம் கிராமத்துக்குப் போனபோது ஆய்வகமும் போனது. பொரிக்கிற முட்டைதான் வேண்டும், பிள்ளைகளுக்குச் சத்து என்று சொல்லி விவசாயிகளிடம் முட்டை வாங்கினார். ஆராய்ந்தது போக மிச்சம் குடும்பத்துக்கு ஆகாரம். இதைப் பெண் விஞ்ஞானியின் மன உறுதிக் கதையாகப் பாடப்புத்தகம் ஆக்கிவிட்டார்கள். எனக்கு இதில் தெரிவது வேறொன்றும்: நரம்பியலின் பெரிய கேள்வி ஒன்றுக்கு அன்று தேவைப்பட்ட சாமான்கள் ஒரு சமையற்கட்டில் கிடைக்கக்கூடியவையாக இருந்தன. கேள்வியின் அந்தப் பருவம் இனித் திரும்பாது.

1947இல் விக்டர் ஹாம்பர்கர் அழைத்து செயின்ட் லூயிஸ் போனார். எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் வைத்தால் நரம்புகள் கட்டிக்குள் பாய்கின்றன என்று எல்மர் பியூக்கர் 1948இல் சொல்லியிருந்தார். லேவி-மொந்தால்சினி கட்டியைக் கருவுக்கு வெளியே, கருவைச் சூழ்ந்த சவ்வின் மேல் வைத்துப் பார்த்தார். தொடுதல் இல்லை, ரத்த ஓட்டம் மட்டும்தான் பொது. அப்போதும் நரம்புத்திரள்கள் பெருத்தன. ஆகவே கசிகிற பொருள் ஏதோ ஒன்று. இதைப் பிடிக்கக் கருவின் உடல் ரொம்ப மெதுவானது, ரொம்பச் சிக்கலானது. 1952இல் கட்டி வைத்த இரண்டு எலிகளோடு விமானமேறி ரியோ டி ஜெனிரோ போனார். அங்கே கார்லோஸ் சாகாஸ் ஃபில்யோவின் நிறுவனத்தில் ஹெர்தா மேயர் திசு வளர்ப்பு நடத்திக்கொண்டிருந்தார். டூரினில் ஜுசப்பே லேவியிடம் பழகிய பெண்கள் இருவரும், ஐரோப்பா துரத்திவிட்டவர்கள். ஹாரிசனின் தொங்கும் துளி அங்கே மறுபடி வருகிறது. ஒரு துளிக்குள் கோழிக் கருவின் நரம்புத்திரளும், தொடாத தூரத்தில் கட்டியின் துணுக்கும். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் திரளைச் சுற்றி இழைகள் சூரியக் கதிர் மாதிரி அடர்ந்து விரிந்தன.

இந்தப் 'பிரபை'தான் பிறகு அளவுகோலாக ஆனது. எந்தப் பொருளில் சத்து எவ்வளவு என்பதற்குப் பிரபையின் அடர்த்தியே பதில். ஒரு சங்கடமும் வந்தது: கட்டியில்லாத சாதாரண எலித் திசுவும் கொஞ்சம் பிரபை காட்டியது. அவருக்கு அது பலத்த அடி. பின்னால் அதுவே வழி திறந்தது. 1953இல் வந்துசேர்ந்த ஸ்டான்லி கோஹன் சத்தைப் பிரித்தெடுக்கும் வேலையில் பாம்பு விஷத்தை ஓர் அரிப்பானாகப் போட்டபோது, விஷத்திலேயே சத்து கட்டியைவிடப் பல மடங்கு இருந்தது. விஷச்சுரப்பி இருந்தால் உமிழ்நீர்ச் சுரப்பி ஏன் கூடாது? ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கொட்டிக்கிடந்தது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயரிட்டார்கள். 1986இல் இருவருக்கும் நோபல்.

சரி, அது வழிகாட்டியா? 1979இல் குண்டர்சனும் பாரெட்டும் பாத்திரத்தில் வளரும் இழையின் பக்கத்தில் ஒரு நுண்குழாயால் இந்தக் காரணியைக் கசியவிட்டார்கள். வளர்கூம்பு குழாயை நோக்கித் திரும்பியது. குழாயை இடம் மாற்றினால் இதுவும் மாறியது. கஹாலின் மணம் கண்ணெதிரே. ஆனால் 1987இல் ஆலன் டேவிஸும் கூட்டாளிகளும் எலிக் கருவின் தோலில் காரணி எப்போது உண்டாகிறது என்று நாள் வாரியாக அளந்தார்கள். இழைகள் தோலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தோல் அதை உண்டாக்க ஆரம்பிக்கிறது. அதை உணர்கிற ஏற்பியும் இழைகளில் அப்போதுதான் வருகிறது. வந்தவர்களுக்குச் சோறு போடுகிற வீடு அது. வாசலில் நின்று கூவி அழைக்கிற வீடு அல்ல. பாத்திரத்தில் அந்தக் காரணியால் அழைக்க முடிந்தது. உடலில் அது அழைக்கவில்லை.

அதே 1987இல் ட்யூபிங்கனில் ஃப்ரீட்ரிக் பான்ஹோஃபரின் குழு வேறொரு பாத்திரத்தைச் செய்தது. கோழிக் கரு மூளையில் பார்வை நரம்பு போய்ச் சேரும் பகுதியின் முன்பக்கச் சவ்வையும் பின்பக்கச் சவ்வையும் தனித்தனியே அரைத்து, மெல்லிய பட்டைகளாக மாற்றி மாற்றிப் படியவைத்தார்கள், ஜமுக்காளக் கோடு மாதிரி. விழித்திரையின் பொட்டுப்பக்க இழைகள் முன்பக்கப் பட்டையில் மட்டும் வளர்ந்தன. உடலிலும் அவை சேரும் இடம் முன்பக்கம்தான். பிடித்துப்போய்ப் போகின்றன என்றுதான் யாருக்கும் தோன்றும். பின்பக்கச் சவ்வைச் சூடாக்கி அதன் புரதங்களைக் கெடுத்துப் பார்த்தபோது, இழைகள் இரண்டு பட்டையிலும் பேதமில்லாமல் வளர்ந்தன! ஆசைப்பட்டுப் போகலை, விரட்டினதால போச்சு. காப்ஃபாமரும் ரேப்பரும் அதே வருஷம், வளர்கூம்பு அன்னிய இழையைத் தொட்டதும் சுருண்டு விழுவதைக் காட்டினார்கள். விரட்டும் புரதம் 1993இல் கைக்கு வந்தது. பட்டைகளில் விரட்டிய புரதங்கள் 1995இல். 'அழைப்பு', 'ஈர்ப்பு', 'மோப்பம்' என்றே ஒரு நூற்றாண்டு பேசிய துறைக்கு விலக்கு என்ற சொல் இவ்வளவு தாமதமாக வந்ததற்குக் காரணம் பாத்திரம்தான் என்பது என் ஊகம். ஒற்றை இலக்கை எதிரே வைத்தால் போனதா போகவில்லையா என்று மட்டும்தான் தெரியும். போகாததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இரண்டு தரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் மறுப்பைப் பார்க்க முடிந்தது.

இனி நேதா. கருவின் தண்டுவடத்தில் முதுகுப்பக்கச் செல்களின் இழைகள் வயிற்றுப்பக்கம் இறங்கி, நடுவில் அடித்தகடு என்னும் செல்வரிசையைக் கடந்து மறுபுறம் போகின்றன. கஹால் கூம்பைக் கண்டது இப்படிக் கடக்கிற இழைகளில்தான். 1988இல் மார்க் டெஸியர்-லவீனும் கூட்டாளிகளும் எலிக் கருவிலிருந்து முதுகுப்பக்கத் துணுக்கையும் அடித்தகட்டுத் துணுக்கையும் எடுத்து, கொலாஜன் கூழுக்குள் சற்றுத் தள்ளித் தள்ளிப் புதைத்தார்கள். இழைகள் வளைந்து அடித்தகட்டை நோக்கிப் போயின. கூழ் ஏன்? திரவமாக இருந்தால் சின்ன அசைவில் எல்லாம் கலந்துவிடும். கூழில் ஓட்டமில்லை, கசியும் பொருள் மெதுவாகப் பரவி, கிட்டத்தில் அடர்ந்தும் தூரத்தில் மெலிந்தும் ஒரு சரிவாக நிற்கும். தூரத்து அழைப்பு தெரிய வேண்டுமென்றே தேர்ந்த ஊடகம் அது. குற்றமாகச் சொல்லவில்லை, ஆய்வு என்றால் அப்படித்தான் செய்ய முடியும். கோழிக் கரு மூளைகளை ஆயிரக்கணக்கில் அரைத்து 1994இல் புரதத்தைப் பிரித்தெடுத்தபோது, அது புழுவில் முன்பே தெரிந்திருந்த ஒன்றின் உறவாக இருந்தது. அங்கே அந்த மரபணு கெட்டால் புழு ஒழுங்காக நெளியாது. 1996இல் அது குறைந்த எலிகளில் இந்த இழைகள் தடுமாறுவதும் தெரிந்தது. உடலும் சாட்சி சொல்லியாயிற்று, வழக்கு முடிந்தது என்று தோன்றியது. பாடப்புத்தகப் படங்களில் அடித்தகட்டிலிருந்து ஒரு வண்ணம் கிளம்பி மேலே போகப் போக வெளுக்கும். கூழின் படம் அது. தண்டுவடத்தின் மேல் அச்சாகியிருந்தது.

அடித்தகடு தவிர, தண்டுவடத்தின் உட்குழியை ஒட்டிய மூலச் செல்களும் நெட்ரினை உண்டாக்குகின்றன என்பது அதற்கு முன்பே பதிவான விஷயம்தான். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படத்தில் அவற்றுக்கு இடமில்லை. 2017இல் பாரிஸில் அலாங் ஷெதொத்தாலின் குழுவும், லாஸ் ஏஞ்சலீஸில் சமந்தா பட்லரின் குழுவும் தனித்தனியே, எலிக் கருவில் அடித்தகட்டின் நெட்ரினை மட்டும் நீக்கிப் பார்த்தன. இழைகள் நடுக்கோட்டைச் சேர்ந்தன. உட்குழிச் செல்களின் நெட்ரினை நீக்கினால்தான் பெரிய தடுமாற்றம். அந்தச் செல்களின் நீண்ட கால்கள் வெளிவிளிம்புவரை போகின்றன. அங்கே புரதத்தைப் படியவைக்கின்றன. இழைகள் அதன் ஓரமாகப் போகின்றன. எதிரே நின்று அழைப்பதைவிட, காலடியில் விரித்திருக்கிறது. ஹாரிசனின் சிலந்தி நூல் ஞாபகம் வருகிறது.

உடனே கஹால் தோற்றார், தரைக் கட்சி ஜெயித்தது என்று எழுதினால் நானும் அதே தவறைச் செய்வேன். 2019இல் வந்த இரண்டு ஆய்வுகள், அடித்தகட்டின் நெட்ரினுக்கும் பங்குண்டு, அது தூரத்திலும் வேலை செய்கிறது என்று காட்டின. பயணத்தின் எந்தக் கட்டத்தில், வேறெந்தப் புரதத்தோடு சேர்ந்து என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. அழைப்பும் இருக்கிறது, தரையும் இருக்கிறது. எது எப்போது என்பதைக் கூழும் பட்டையும் தாமாகச் சொல்லாது. கேள்வியை உடலிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கேட்கத்தான் வேண்டும். அப்படிக் கேட்க எந்தப் புரதத்தை எந்தச் செல்லிலிருந்து நீக்குவது என்று தெரிந்ததே கூழால்தான் என்பதையும் மறைக்கக் கூடாது.

கண்ணாடியிலும் வைக்காமல், கொன்று சாயமேற்றாமலும் பார்க்க வழி இல்லாமலில்லை. 1930களிலேயே வர்ஜீனியாவில் கார்ல் ஸ்பைடல் உயிருள்ள தவளைக்குஞ்சின் வாலை நுண்ணோக்கிக்கடியில் வைத்து, அதன் கண்ணாடி போன்ற ஓரத்தில் வளர்கூம்புகள் நகர்வதை நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வழியில் வந்த ஒரு சோதனை, திரும்பவும் 1987. ஹாரிஸ், ஹோல்ட், பான்ஹோஃபர் மூவரும் செனோபஸ் தவளைக் கருவின் மூளையில், கண்ணிலிருந்து வரும் இழைகளுக்குச் சாயம் ஏற்றி, அவை வளர்வதை இடைவெளி விட்டுவிட்டுப் படம் பிடித்தார்கள். பிறகு கண்ணை எடுத்துவிட்டார்கள். இழைகள் தங்கள் செல்லிலிருந்து துண்டாகிவிட்டன. நுனியோடு கொஞ்சம் இழை மட்டும் மூளைக்குள் கிடந்தது, மூலம் இல்லை, உட்கரு இல்லை, புதிதாக உத்தரவு அனுப்ப யாருமில்லை. கூம்புகள் நிற்கவில்லை. மூன்று மணி நேரம் வரை, போக வேண்டிய பக்கமாகவே போய்க்கொண்டிருந்தன.